அந்தக் காலத்து இன்டர்நெட் யாருடையது? ஒரு பழைய பிரவுசிங் சென்டர்காரரின் பதில்கள்

(திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தி, இப்போது அதே இடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். ‘இன்டர்நெட், அன்றும் இன்றும்’ என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் சில.)

கேள்வி: அந்தக் காலத்தில் இன்டர்நெட் சுதந்திரமாக இருந்தது. இப்போது நாலைந்து அமெரிக்கக் கம்பெனிகளும் அரசாங்கங்களும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. ஒத்துக்கொள்கிறீர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

இரண்டாவது வாக்கியத்தை அப்படியே ஒத்துக்கொள்கிறேன் ஐயா. முதல் வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தது. அது மத்திய அரசின் கம்பெனி. 1998 நவம்பரில் தனியாருக்குக் கதவைத் திறக்கும்வரை அது ஒன்றுதான் கடை. படத்தோடு பக்கம் பார்க்கிற கணக்குக்குத் தனிநபர் என்றால் 15,000 ரூபாய், கம்பெனி என்றால் 25,000. அதுவும் 250 மணி நேரத்துக்கு. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும், படம் கிடையாது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். டெலிபோன் பில் தனி. சென்னைக்காரருக்கு அது லோக்கல் கால். எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் எஸ்.டி.டி., அதாவது வெளியூர் கால், போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ராத்திரி ரேட் குறையும்வரை காத்திருந்து, லைன் போட்டு, நாலு மெயிலை இறக்கிக்கொண்டு பதறிப்போய் துண்டித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது சுதந்திரமா என்று.

சரி, அது காசு விஷயம் என்று தள்ளிவிடலாம். இன்டர்நெட் வழியாகப் போன் பேசுவதே இந்தியாவில் 2002 மார்ச் வரை சட்டவிரோதம். வெளிநாட்டுக் கால்களில் வரும் வருமானம் வி.எஸ்.என்.எல்.லின் கஜானா, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. துபாயில் இருக்கும் மகனோடு பேச ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ‘ஹலோ, கேக்குதாப்பா?’ என்று தெரு முனைவரை கேட்கும்படி கத்திய அம்மாமார்கள் எத்தனையோ பேர். திண்டுக்கல்லில் யார் யார் கடையில் அது நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. 2002 பிப்ரவரியில் வி.எஸ்.என்.எல்.லின் 25 சதவீதப் பங்கை 1,439 கோடி ரூபாய்க்கு டாடாவுக்கு விற்றார்கள். வெளிநாட்டுக் கால்களில் அதற்கிருந்த ஏகபோகம் மார்ச்சோடு முடிந்தது. ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் போன் சட்டப்படி சரி. முந்தின நாள் குற்றம், மறுநாள் வாடிக்கையாளர் சேவை! கடைகளில் போர்டு எழுதி மாட்டினார்கள்.

தடை போடுவதும் புதுசு இல்லை. 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது பாகிஸ்தானின் ‘டான்’ பத்திரிகைத் தளத்தை வி.எஸ்.என்.எல். நிறுத்தி வைத்தது. 2003 செப்டம்பரில் மேகாலயா தொடர்பான ஒரு சின்ன யாஹூ குழுமத்தை (மெயிலில் கூடிப் பேசும் குழுவை) முடக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்த நம் இணைய நிறுவனங்களால் முடியவில்லை. மொத்த யாஹூ குழுமங்களையும் மூடிவிட்டார்கள். என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் வள்ளலார் பாடல்களுக்கான குழுமத்தில் இருந்தார். மேகாலயாவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? தினமும் வந்து, ‘உன் மெஷின்ல வைரஸ் இருக்குப்பா’ என்று என்னோடு சண்டை போட்டார்.

ஆகவே அதிகாரம் அன்றைக்கும் இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரே வித்தியாசம், வாசலைத் தாண்டிவிட்டால் உள்ளே நாம் எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று கணக்கெடுப்பவர்கள் குறைவு. எடுத்தாலும் அதை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. நாம் இன்று ஏங்குவது அந்தக் குழப்பமான சில வருஷங்களுக்காகத்தான் என்பது என் கட்சி.

கேள்வி: உலகத்தின் முதல் ஸ்பாம் மெயிலை அனுப்பிய புண்ணியவான் யார்?
– வாசகி, காரைக்குடி

டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க். 1978 மே மாதம், இன்டர்நெட்டுக்கு முன்னோடியாக அமெரிக்க ராணுவப் பணத்தில் ஓடிய அர்பாநெட்டில், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தைத் தட்டிவிட்டார். திட்டு வாங்கினார். வியாபாரமும் நடந்ததாம், அதுதான் வினை.

கேள்வி: கூகுள் நம் ஊர்க்காரர் கையில் இருக்கும்போது நாம் ஏன் அதைக் குறை சொல்ல வேண்டும்? பெருமைப்பட வேண்டாமா?
– பொறியியல் மாணவர், மேலூர்

தாராளமாகப் பெருமைப்படுங்கள் தம்பி, அதற்கென்ன காசா பணமா? சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர். மதுரை எங்களுக்குப் பக்கத்து ஊர், நாங்களும் பெருமைப்படுகிறோம். அப்படியே இன்னொருவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: குஜராத்தில் பிறந்து அமெரிக்காவில் நீதிபதியாக இருக்கும் அமித் மேத்தா. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வருகிறது என்று 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பு எழுதியவர் அவர்தான்.

அந்த வழக்கில் வெளியே வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். போனிலும் பிரவுசரிலும் முதலில் வந்து நிற்கும் தேடுபொறி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆப்பிள் முதலான கம்பெனிகளுக்கு 2021-ல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். தேடுபொறி நன்றாக இருந்தால் ஜனங்கள் தானாக வர மாட்டார்களா, எதற்கு இவ்வளவு பணம் என்று படித்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. காலையில் கடை திறந்ததும் எல்லா மெஷினிலும் ஹோம் பேஜ் வைப்பது என் வேலை. ரெடிஃப் என்ற இந்தியத் தளத்தை வைத்தால் அன்று முழுக்க எல்லோரும் ரெடிஃபில் தொடங்குவார்கள். யாஹூ வைத்தால் யாஹூ. மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, மூன்று கிளிக்தான். மாற்றியவர்கள் என்று நினைவில் நிற்பவர் ஒரே ஒரு ஸ்டேட் பாங்க் கிளார்க். எதிரே இருப்பதைத்தான் மனுஷன் தொடுவான். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் 2,630 கோடி டாலர் விலை.

2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்னபோது அதே நீதிபதி, குரோம் பிரவுசரை விற்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். பிரத்தியேக ஒப்பந்தம் போடக் கூடாது, சில தேடல் தகவல்களைப் போட்டியாளர்களோடு பகிர வேண்டும் என்பதோடு சரி. பணம் கொடுப்பதற்குத் தடை இல்லை. நம் நாட்டிலும் ஆண்ட்ராய்டு விவகாரத்துக்காகக் கூகுளுக்குப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பெரிய தொகைதான், நமக்கு.

ஒரு வேடிக்கை. கூகுளைத் தொடங்கிய இரண்டு பேரும் 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கடைசியில், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்பா அடிக்கடி ‘ஜியோசிட்டீஸ், ஜியோசிட்டீஸ்’ என்று புலம்புகிறார். அப்படி என்னதான் இருந்தது அதில்?
– கல்லூரி மாணவி, கரூர்

சொந்தமாக ஒரு பக்கம் போட்டுக்கொள்ள இலவச இடம். ஏதென்ஸ், ஹாலிவுட் என்று பேட்டை பேட்டையாகப் பிரித்திருப்பார்கள். கல்வி, இலக்கியம் என்றால் ஏதென்ஸ். அங்கே நம் ஆட்கள் திருக்குறள் போட்டார்கள், இளையராஜா பாடல் பட்டியல் போட்டார்கள், கோயில் போட்டோ போட்டார்கள். பின்னணியில் நட்சத்திரம் மின்னும். எழுத்து ஓடும், சில பக்கங்களில் நிற்கவே நிற்காது. அழகு என்று சொல்ல மாட்டேன். யாரும் யாரைப் பார்த்தும் காப்பியடிக்காத ஒரு கோரம், அவ்வளவுதான்.

1999-ல் யாஹூ அதைச் சுமார் 357 கோடி டாலருக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26-ல் இழுத்து மூடியது. உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் போட்ட பக்கமெல்லாம் அதோடு போச்சு. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அள்ளி வைத்தது கொஞ்சம் மிச்சம்.

ஆனால் அப்பா ஃபான்ட் கஷ்டத்தைச் சொல்லியிருக்க மாட்டாரே? தமிழில் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட். ஃபான்ட் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கலந்து ஏதோ சாபம் மாதிரி திரையில் நிற்கும். நான் எல்லா மெஷினிலும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் வைத்து, தெரிந்த ஃபான்ட் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பேன். கேபினுக்குள்ளிருந்து ‘அண்ணே, எழுத்து வரல!’ என்று குரல் வந்தால் போய், ஃபான்டை இறக்கி, பிரவுசரை மூடித் திறந்து காட்ட வேண்டும். அதற்குள் அவருடைய பத்து நிமிஷம் போயிருக்கும். காசில் கழிக்கச் சொல்வார்.

இதைச் சரிசெய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளும் ஒரு விசைப்பலகையும் வந்தன. வெளிநாட்டுத் தமிழர்கள் ஏற்கெனவே டிஸ்கி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். ஆக, ஒரு மொழிக்கு மூன்று வழி. கடைசியில் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீடு வந்துதான் சண்டை தீர்ந்தது. யூனிகோடு அமைப்பில் உறுப்பினர்கள் யார் என்று பாருங்கள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள்! நீ இன்று போனில் தமிழில் எழுதுகிறாய் என்றால் அதில் அந்தக் கம்பெனிகளின் பங்கும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

இன்னொன்று. 1998 பொங்கல் சமயத்தில் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தட்டச்சு செய்து வைக்கும் தன்னார்வலர்களின் வேலை, இன்னும் இருக்கிறது. யாரும் அதை விலைக்கு வாங்கவில்லை. அதனால் மூடவும் இல்லை.

கேள்வி: உங்கள் தொழிலை ஒழித்தது செல்போனா, போலீஸா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

செல்போன். ஆனால் போவதற்கு முன் சட்டமும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போனது.

2011-ல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டை, அதன் நகல், எந்த மெஷின், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும். கேபின் தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. தடுப்பு இல்லாத கடையில் திரைகள் பொது இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு, ஆறடி பிளைவுட்டை ரம்பம் போட்டு அறுத்தோம். அறுத்த துண்டுகளைக் கொண்டு ஆசாரி தன் வீட்டுக்குக் கோழிக்கூண்டு செய்துகொண்டார், கூலியில் கழித்துக்கொள்ளாமல்.

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று பாருங்கள், கடை வாசலில் கல்யாணக் கூட்டம். நம்பரைச் சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம், ‘அடையாள அட்டை இருக்காம்மா?’ என்று கேட்க வேண்டும். அது அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஹால் டிக்கெட்டை நீட்டும்.

எனக்கு விதியில் கோபம் இல்லை. குற்றம் நடந்தால் விசாரிக்க ஏதாவது பதிவு வேண்டும்தான். என் ஆத்திரம் வேறு. நோட்டில் நான் எழுதி வைத்தது பெயரும் நேரமும். அதையே யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. அதே வருஷத்தில் அதே ஜனங்களின் பிறந்த நாள், நண்பர்கள், ஊர், பிடித்த நடிகர், காதல், கல்யாணம் எல்லாவற்றையும் கடல் கடந்த கம்பெனிகள் சேர்த்துக்கொண்டிருந்தன. அவர்களுடைய தடுப்பு எத்தனை அடி என்று அளக்க எந்த ஆபீசரும் டேப் எடுத்துக்கொண்டு போகவில்லை. கைக்கு எட்டுகிறவனைத்தான் சட்டம் முதலில் பிடிக்கும்.

கேள்வி: டிரம்ப் பதவியேற்பில் பெரிய கம்பெனி முதலாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே? இன்டர்நெட் ஆரம்பத்தில் இருந்தவர்கள் அரசாங்கமே வேண்டாம் என்றவர்கள் அல்லவா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

2025 ஜனவரி 20. ஸக்கர்பெர்க், பெஸோஸ், பிச்சை, மஸ்க் எல்லோரும் வரிசையாக, அமைச்சராகப் போகிறவர்களுக்கே முன்னால்.

நீங்கள் சொல்லும் ஆரம்பகாலத்து ஆள் ஜான் பெர்ரி பார்லோ. பாட்டு எழுதுகிறவர், மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். 1996 பிப்ரவரி 8-ல், அமெரிக்கா இன்டர்நெட்டுக்கு ஒரு தணிக்கைச் சட்டம் கொண்டுவந்த கோபத்தில், சைபர்வெளியின் சுதந்திரப் பிரகடனம் என்று ஒன்றை எழுதினார். அரசுகளே, உங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை, எங்களைச் சும்மா விடுங்கள் என்பது அதன் சாரம். உலகமே அதைப் பிரதி எடுத்தது. அவர் அதை எங்கே உட்கார்ந்து எழுதினார் தெரியுமா? ஸ்விட்சர்லாந்தில் தாவோஸில். உலகத்துப் பெரிய முதலாளிகளும் மந்திரிகளும் வருஷா வருஷம் கூடுகிற அதே தாவோஸ்.

அரசாங்கத்தைத் தள்ளி நிற்கச் சொன்னவர், அந்தக் காலி இடத்துக்கு யார் வருவார் என்று யோசிக்கவில்லை. புறம்போக்கைச் சும்மா விட்டால் யார் பட்டா போடுவார் என்று நம் ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். பட்டா கிடைத்த பிறகு, பதிவு ஆபீசரோடு பகை வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

கேள்வி: ஒரு பத்திரிகையின் வெப்சைட்டையே அரசாங்கம் முடக்க முடியுமா?
– வாசகர், பொள்ளாச்சி

முடியும், முடக்கினார்கள். அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டி விமானத்தில் அனுப்பிய நேரம். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல் விகடனின் டிஜிட்டல் இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. 2025 பிப்ரவரி 15 அன்று பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அப்போது விகடன் சொன்னது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூன் இருக்கும் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு படத்துக்காக மொத்தத் தளம்!

இதற்குக் கருவி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்ய வழிவகுத்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது எல்லோரும் இனிப்பு கொடுத்தோம். அதே தீர்ப்பு 69ஏ செல்லும் என்று சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. 69ஏ-க்கான 2009 விதிகளில், தடை தொடர்பான புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனக்குத் தடையைவிட அந்த ரகசியம்தான் உறுத்துகிறது.

1987-ல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக அதே விகடனின் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதம் சிறைத்தண்டனை கொடுத்தது. அராஜகம்தான். நாடே எதிர்த்தது, சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஆனால் யார் தண்டித்தது, எங்கே, எதற்கு என்பது மறுநாள் காலை டீக்கடைவரை தெரிந்திருந்தது. அதனால்தான் எதிர்க்க முடிந்தது. இப்போது பக்கம் திறக்காவிட்டால் ‘நெட் ஸ்லோ போல’ என்று போனை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

கேள்வி: இந்தியாவை மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்களுக்குத் தெரிந்ததை நான் என்ன புதிதாகச் சொல்வது? 2007 ஜூனில் இலங்கை அரசு தமிழ்நெட் செய்தித் தளத்தை நாட்டுக்குள் தடுத்தது. கொழும்பில் திறக்காத தளத்தை இங்கே என் கடையில் உட்கார்ந்து படித்துவிட்டு, உறவுகளுக்குப் போனில் சொன்னவர்கள் இருந்தார்கள். அகதி முகாம்களிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்கள் மீது கலவரம் நடந்தபோது ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசு நிறுத்தியது. அதற்கு முன்பே சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி ஃபேஸ்புக்கிடம் எத்தனையோ பேர் முறையிட்டிருந்தார்கள். 2020-ல்தான் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. கம்பெனி கேட்கவில்லை, அரசு மொத்தமாக மூடியது. நடுவில் அகப்பட்டவர்களைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலை இல்லை.

கேள்வி: சாமானியர்கள் ஒருமுறையாவது ஜெயித்திருக்கிறோமா?
– வங்கி ஊழியர், ஈரோடு

ஒருமுறை, நன்றாகவே. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ ஞாபகம் இருக்கிறதா? ஃபேஸ்புக்கும் அது தேர்ந்தெடுத்த சில தளங்களும் மட்டும் இலவசம், மற்றதற்குக் காசு. ஏழைகளுக்கு இன்டர்நெட் என்று பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: இலவசம் என்றால் முழு இன்டர்நெட்டையும் கொடு, நீ பொறுக்கியெடுத்த இன்டர்நெட் எதற்கு? அதற்கு முன்பே 2015-ல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கருத்து கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மெயில்கள் குவிந்தன. (அந்த மெயில்களையெல்லாம் அனுப்பியவர்களின் முகவரியோடு டிராய் தன் தளத்தில் அப்படியே போட்டுவிட்டது தனிக் கூத்து. ஸ்பாம்காரர்களுக்குத் தீபாவளி.) 2016 பிப்ரவரி 8-ல் தீர்ப்பு வந்தது: எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம்.

அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தது, சட்டப்படி. 2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவின் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. சில மாதங்களில் கூகுளும் வந்தது. ஜெயித்தோமா என்று கேட்டீர்கள்; ஜெயித்தோம். ஆட்டம் அதோடு முடியவில்லை.

கேள்வி: பழைய இன்டர்நெட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்தது?
– வாசகி, நாகர்கோவில்

கரண்ட் போனால் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போனது.

கேள்வி: சும்மா பழசைப் பேசி என்ன பயன்? என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.
– ஜவுளிக் கடை உரிமையாளர், திருப்பூர்

உங்கள் செல் நம்பரைப் பாருங்கள். 2011 ஜனவரி 20-க்கு முன் கம்பெனியை மாற்றினால் நம்பர் போய்விடும். அந்தப் பயத்திலேயே மோசமான சிக்னலோடு குடும்பம் நடத்தினோம். நம்பரை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று சட்டம் வந்தது. கம்பெனிகள் தானாகத் தரவில்லை, முடிந்தவரை இழுத்தடித்துத்தான் தந்தன. இன்று நீங்கள் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் உங்களைப் பின்தொடரும் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா? கணக்கு முடங்கினால் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் உண்டா? எங்கள் ஊரில் ஒரு சுங்குடிச் சேலைக்காரர் இரண்டு வருஷம் வளர்த்த பக்கம் ஒரு காலையில் காணாமல் போனது. எந்த விதியை மீறினார் என்று இன்றுவரை பதில் வரவில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று சொன்னால் நம்பாதீர்கள். மெயில் எப்படி வேலை செய்கிறது? யாஹூவிலிருந்து ஜிமெயிலுக்குப் போகிறது, அங்கிருந்து ஆபீஸ் சர்வருக்குப் போகிறது. 2005-ல் வந்த கூகுள் டாக் என்ற அரட்டைச் செயலி, 2006-ல் மற்றவர்களின் சர்வரில் இருப்பவர்களோடும் பேச வழி திறந்தது. 2013-ல் அதற்குப் பதிலாக ஹேங்அவுட்ஸ் வந்தபோது கூகுள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டது. ஐரோப்பாவில் புதுச் சட்டப்படி, 2024 மார்ச் முதல், மற்ற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் வழிவிட்டாக வேண்டும். நம் நாட்டிலேயே யு.பி.ஐ. இருக்கிறது, எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போகும். அதிலும் இரண்டு செயலிகள்தான் சுமார் ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. ஒருவருக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு என்ற விதியை 2026 கடைசிவரை தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் நாளைக்கே மாற வேண்டுமென்றால் நீங்கள் மாறலாம்.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு, சாக்கடையோடு இதையும் கேளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. உடனடியாகச் செய்ய வேண்டியது: வாடிக்கையாளர்களின் நம்பரையும் முகவரியையும் உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். செயலியை விளம்பரப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கல்லாப்பெட்டியை அங்கே வைக்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருந்த என் அண்ணன் 2001 முதல் எனக்கு யாஹூவில் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அண்ணன் இப்போது இல்லை. அந்தக் கணக்கைத் திறந்து நாளாகிறது. எடுத்துப் பத்திரப்படுத்த முடியுமா?
– இல்லத்தரசி, மன்னார்குடி

முடியும் அம்மா. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். 12 மாதம் கணக்கைத் திறக்காமல் இருந்தால் உள்ளே இருப்பதை யாஹூ அழித்துவிடலாம். இதைப் படித்தவுடன் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

கடிதங்கள் இருந்தால், கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். அதில் கணக்கைச் சேர்க்கும்போது யாஹூவின் உள்நுழைவுப் பக்கம் திறந்தால் வழக்கமான பாஸ்வேர்டே போதும். அந்தப் பக்கம் வராவிட்டால், யாஹூ கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ‘ஆப் பாஸ்வேர்டு’ என்று தனியாக ஒன்று உருவாக்க வேண்டும். அப்போது வழக்கமான பாஸ்வேர்டு வேலை செய்யாது, நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இணைத்த பிறகு, அண்ணனின் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் கீழே இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்துக்கு நகல் எடுங்கள். அப்போதுதான் அவை உங்கள் கம்ப்யூட்டரில் உட்காரும். அதை ஒரு பென் டிரைவிலும், வேறு வீட்டில் இருக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள்.

அண்ணன் தமிழில் எழுதியிருந்தால் பழைய கடிதங்கள் சில கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்தாகவோ தெரியலாம். கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது அன்றைய டிஸ்கி போன்ற குறியீட்டில் அடித்ததாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. மொத்தமாக இறக்குவதற்கு முன் பத்துக் கடிதத்தை மட்டும் இறக்கித் திறந்து பாருங்கள். கூட வந்த போட்டோக்களும் சரியாகத் திறந்தால், மீதியை ராத்திரி ஓட விட்டுவிடலாம்.